மைனஸ் 15 வரட்டும்

நவம்பர் பிறந்தால் போதும், கைபேசியில் வின்னிபெக்கின் வெப்பநிலையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். அந்த ஊரைவிட்டு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இங்கே, வான்கூவருக்குப் பக்கத்தில் ரிச்மண்டில், நவம்பர் என்றால் மழை. டிசம்பர் என்றாலும் மழைதான். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, "அங்கே மைனஸ் 9தான் இருக்கு, இன்னும் பத்தாது" என்று நான் முணுமுணுத்தால் மனைவி சிரிப்பாள். "பத்தலேன்னா நீங்க என்ன பண்ணப்போறீங்க? போய்த் தண்ணி ஊத்தப்போறீங்களா?"

கூப்பிட்டால் போவேன். அதை அவளிடம் சொல்வதில்லை.

வின்னிபெக்கில் சார்ஜென்ட் அவென்யூவில் ஒரு விளையாட்டு வளாகம் இருக்கிறது. அதை ஒட்டித் திறந்தவெளியில் 400 மீட்டர் சுற்றளவில் நீள்வட்டமான ஒரு பனிக்கட்டித் தடம். ஸ்பீட் ஸ்கேட்டிங் ஓவல். நாங்கள் போய்வந்த காலத்தில் அதை சார்ஜென்ட் பார்க் என்றே சொல்வோம். இன்று வளாகத்துக்கு சிண்டி கிளாசன் பெயர், தடத்துக்கு சூசன் ஆக் பெயர். இருவரும் அந்த ஊர்ப் பெண்கள், ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள். தடத்துக்கு அடியில் குளிர்பதனக் குழாய்கள் கிடையாது, மேலே கூரை கிடையாது. வானம் குளிர்ந்தால் பனி உண்டு, இல்லையென்றால் இல்லை. மேற்கே சஸ்கட்டூனிலும் கிளாரன்ஸ் டவ்னி பெயரில் இப்படி ஓர் ஓவல் இருக்கிறது. பக்கத்தில் மலை கிடையாது, கடல் கிடையாது, ஆறு மாதம் குளிர். அந்தப் புல்வெளி மாகாணங்களில் இப்படி ஒன்று வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

என் மகளுக்காகத்தான் அங்கே போகத் தொடங்கினேன். ஐஸ் ஹாக்கி வேண்டாம் என்றாள், வட்டமடித்து ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கும் வேண்டாம் என்றாள். பள்ளித் தோழி ஒருத்தியோடு ஒரு சனிக்கிழமை இந்த ஓவலுக்குப் போய்வந்தவள், பிறகு வேறெங்கும் போகவில்லை. பெற்றோர் யாரும் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. ஒருவர் நிறுத்துகடிகாரம் பிடிப்பார், ஒருவர் எத்தனை சுற்று பாக்கி என்ற பலகையைத் திருப்புவார், ஒருவர் சூடான சாக்லேட் கலக்குவார். எனக்கு வாய்த்தது பனி தள்ளும் வேலை. தோள் அகல இரும்புத் தகட்டுக்குக் கைப்பிடி போட்ட ஒரு கருவியோடு தடத்தின் ஓரமாக நடப்பேன். மதுரைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத உத்தியோகம் கிடைத்திருக்காது. ஆனால் அங்கிருந்து கிளம்பியபோது நான் விட்டுவர மனமில்லாமல் விட்டுவந்தது அந்த ஒன்றைத்தான், அலுவலகத்தை அல்ல.

பனிக்கட்டி போடுவது இவ்வளவு பெரிய கலை என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. தண்ணீரை ஊற்றினால் உறைந்துவிடும், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன். முதலில் மண் உறைய வேண்டும். மண்ணில் சூடு மிச்சம் இருக்கையில் விட்ட தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் காணாமல் போகும். மண் இறுகிய பிறகு, விழுந்த பனியை அமுக்கிக் கெட்டிப்படுத்தி, ஈரமாக்கி, ஓர் அடித்தளம் உண்டாக்குவார்கள். அதற்கு மேல் மெல்லிசாக ஒரு பூச்சுத் தண்ணீர். அது இறுகியதும் இன்னொரு பூச்சு. அவசரப்பட்டு ஒரேயடியாக நிறைய விட்டால் மேல்பகுதி மட்டும் உறையும், அடியில் இருக்கும் தண்ணீர் வடிந்து நடுவில் காற்று புகுந்துகொள்ளும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும், பிளேடு பட்டதும் அப்பளமாக நொறுங்கும். கடைசிப் பூச்சுகளுக்குச் சுடுதண்ணீர் விடுவார்கள். சுடுதண்ணீர் பழைய பனியின் மேல்தோலைக் கொஞ்சம் இளக்கி அதோடு ஒட்டிக்கொள்கிறது. அதில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு, அதனால் பனி கண்ணாடிபோலத் தெளிந்து கெட்டியாகிறது. மைனஸ் 18-இல் சுடுதண்ணீர் விட்டுப் பாருங்கள், ஆவி எழுந்து விளக்குக் கம்பங்களே மறைந்துபோகும்.

இதற்கெல்லாம் உகந்த குளிர் என்று ஒன்று உண்டு. மைனஸ் 5-இல் ஒரு பூச்சு இறுகுவதற்குள் விடிந்துவிடும். மைனஸ் 30-இல் தண்ணீர் பரவிச் சமமாவதற்குள்ளேயே உறைந்து, வரிவரியாக மேடு கட்டிவிடும். ஆகவே நவம்பர் கடைசியில் பெற்றோர் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரிப்புக்கு முன்பே வரும் வாக்கியம்: மைனஸ் 15 வரட்டும். குளிருக்காக ஏங்கும் மனிதர்களை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். மானாவாரி விவசாயி வானம் பார்ப்பதை ஊரில் பார்த்திருக்கிறேன். அங்கே கணினி நிறுவனத்தில் வேலை செய்பவரும் பல் மருத்துவரும் பார்த்தார்கள்.

போட்ட பனியைக் காப்பாற்றுவது தனிப் பாடு. வெப்பநிலை திடீரென்று சரிந்தால் பனிக்கட்டி சுருங்கி வெடிக்கும். ராத்திரி நேரத்தில் அந்தச் சத்தம் துப்பாக்கி வெடித்ததுபோலக் கேட்கும். ஸ்பீட் ஸ்கேட்டின் பிளேடு 40 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன். வெடிப்பில் அது சிக்கினால் ஆள் தூக்கி எறியப்படுவார். எனவே பந்தயநாள் காலையில் வாளியில் பனித்தூளையும் தண்ணீரையும் குழைத்து எடுத்துக்கொண்டு, முழந்தாளிட்டு, விரிசல் விரிசலாக அடைத்துக்கொண்டே போவோம். வயல்களைக் கடந்து வரும் காற்று கொஞ்சம் மண்ணையும் கொண்டுவந்து போடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் ஒரு மாலைக்குள் பிளேடின் முனையைத் தின்றுவிடும். மார்ச் நெருங்கினால் வெயில் வேறு. காற்று மைனஸ் 8 என்று காட்டும், ஆனால் பனியில் வரைந்த கறுப்புக் கோடுகள் வெயிலை உறிஞ்சி முதலில் இளகும். பனி மழிக்கும் ஸாம்போனி வண்டி கொஞ்சம் உதவும். (அந்த வண்டியை 1949-இல் ஃபிராங்க் ஸாம்போனி உருவாக்கியது கலிஃபோர்னியா வெயிலில். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இது தோன்றாமல் போனது ஏன் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. மண்வெட்டி கையில் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள்.)

பந்தய முறையைச் சொல்லிவிடுகிறேன், நம் வாசகர்களுக்கு இது அதிகம் பழக்கமில்லை. இரண்டு பேர் மட்டும் ஓடுவார்கள், இரண்டு லேன், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். உள்வளைவு சிறியது, வெளிவளைவு பெரியது. தூரம் சமமாக வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சுற்றிலும் பின்பக்க நேர்ப்பாதையில் இருவரும் லேன் மாற்றிக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்ந்தால் உள்ளிருந்து வெளியே வருபவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். எதிராளியை முந்தினால் மட்டும் வெற்றி கிடையாது. அன்றைக்கு ஓடிய அத்தனை ஜோடிகளிலும் யாருடைய நேரம் குறைவோ அவரே முதல்.

இங்கேதான் கூரையில்லாத தடம் தன் குணத்தைக் காட்டும். முதல் ஜோடி ஓடும்போது காற்று அசையாது. நான்காவது ஜோடி கோட்டில் வந்து நிற்கும்போது வடமேற்கிலிருந்து கிளம்பிவிடும். பின்பக்க நேர்ப்பாதையில் பிள்ளைகள் இடுப்பை மடக்கி, முதுகைத் தரைக்கு இணையாக வைத்து, ஓர் அடிக்குப் பத்து அடி போராடி வருவார்கள். முன்பக்கம் திரும்பியதும் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். இரண்டும் கழித்துக்கொள்ளாது, எதிர்க்காற்றில் போன நேரம் போனதுதான். என் மகள் ஒருமுறை 1500 மீட்டரில் அப்படித் தோற்றாள். வெற்றி பெற்ற பெண் நேராக வந்து, எனக்குக் காற்று இல்லை, உனக்கு இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுவாரம் அந்தக் காற்று அந்தப் பெண்ணுக்கு வாய்த்தது.

அதேபோலக் குளிர். பனிக்கட்டியில் உராய்வு மிகக் குறைவாக இருப்பது மைனஸ் 7-ஐ ஒட்டி. அதற்கும் கீழே போகப் போக, மேற்பரப்பில் வழுக்கலைத் தரும் அந்த நுண்ணிய படலம் தன் இளக்கத்தை இழக்கிறது. மைனஸ் 30-இல் பிளேடு மணலில் இழுபடும். குளிர் கூடினால் வழுக்கல் கூடும் என்று நம்பிப் போன எனக்கு ஏழு வயதுப் பிள்ளைகள் அதை விளக்கினார்கள். அந்தக் குளிரில் நிறையப் பேர் காலுறைகூடப் போடுவதில்லை. பூட்ஸ் காலோடு ஒட்டிப் பிடித்தால்தான் பனியின் ஒவ்வோர் அசைவும் பாதத்துக்குத் தெரியும் என்பார்கள். பூட்ஸ் கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். மேலே ரப்பர் துணியில் ஓர் உறை மாட்டிக்கொள்வார்கள். மூக்கிலும் கன்னத்திலும் ஒட்டுத்துணி, இமை மயிரில் வெண்பனி. காற்றின் கணக்கையும் சேர்த்து மைனஸ் 40-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும். அந்த மாதிரி நாட்களில் ஓவலில் யாரும் இருக்கமாட்டார்கள், கார்களும் என்ஜின் உறையாமலிருக்க மின்கம்பியில் செருகப்பட்டு வீட்டு வாசலில் நிற்கும்.

உடை மாற்றும் அறையை நினைத்தால் முதலில் மணம்தான் வருகிறது. நனைந்த கம்பளி, ரப்பர் விரிப்பு, சாக்லேட். பிள்ளைகள் விறைத்த காலோடு வந்து உட்கார்ந்ததும் சிரிப்பார்கள். விரல்களுக்கு ரத்தம் திரும்பும்போது அழுவார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஸ்கேட்டைக் கட்டச் சொல்லி நிற்பார்கள். ஒரு மூலையில் உக்ரைன் வழி வந்த தாத்தா ஒருவர் ஜோடி ஸ்கேட்டுகளைச் சட்டகத்தில் தலைகீழாகப் பூட்டி, எண்ணெய்க் கல்லால் பிளேடைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஓரத்தில் துருத்தும் பிசிறை விரல் நகத்தால் தடவிக் கண்டுபிடிப்பார். பக்கத்தில் பிலிப்பைன்ஸ் குடும்பங்கள், மெனோனைட் குடும்பங்கள், ஒரு தமிழ்க் குடும்பம். அந்த அறையில் என் சம்பளம் என்ன, எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. மண்வெட்டியை எங்கே வைத்தாய் என்றுதான் கேட்டார்கள். வேற்றூரில் குடியேறியவனுக்கு இதைவிட மரியாதையான கேள்வி கிடையாது.

வெளியே வந்தால் வெளிச்சம். வின்னிபெக் குளிர்காலம் இருட்டாக இருக்கும் என்று தெரியாதவர்கள் நினைக்கிறார்கள். பகல் குறுகியதுதான், ஆனால் குளிர் கடுமையாகும் நாட்களில் மேகமே இருக்காது. காற்றில் மிதக்கும் பனிப்படிகங்களில் ஒளி மடங்கி, சூரியனுக்கு இருபுறமும் இரண்டு போலிச் சூரியன்கள் நிற்கும். அந்த மூன்று சூரியன்களுக்குக் கீழே வண்ண உடுப்பில் பிள்ளைகள் சுற்றிவருவதைப் பார்த்திருக்கிறேன். ரிச்மண்டின் சாம்பல் வானத்துக்குக் கீழே பல் கூசாமல், மூக்கு உறையாமல் சுகமாக நடக்கும்போது எனக்கு வரும் கோபத்துக்கு அதுதான் காரணம்.

அந்த ஊர்களிலிருந்து யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். கண்பார்வைக் குறையோடு வளர்ந்த சில்வியா புர்கா 1976-இல் உலகச் சாம்பியன், மறுவருடம் குறுந்தூரத்திலும் உலகச் சாம்பியன், வின்னிபெக்காரர். 1998 நகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் 500 மீட்டரில் தங்கம் சஸ்கட்டூனின் கேட்ரியோனா லெ மே டோனுக்கு, வெள்ளி வின்னிபெக்கின் சூசன் ஆக்குக்கு. 2006 டூரின் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் தங்கம் கிளாரா ஹியூஸ், வெண்கலம் சிண்டி கிளாசன், இரண்டும் வின்னிபெக். அந்த ஒரே ஒலிம்பிக்கில் கிளாசன் வாங்கியது ஐந்து பதக்கங்கள். கனடா அவர் உருவத்தைப் பொறித்து 25 சென்ட் நாணயம் வெளியிட்டது. கனடாவின் புழக்க நாணயங்கள் அடிக்கப்படுவதும் வின்னிபெக்கில்தான். கிளாசன் முதலில் ஹாக்கி ஆடியவர், 1998 ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காமல் இந்தப் பக்கம் வந்தவர். ஹியூஸ், 1988-இல் கனடா வீரர் கேட்டன் பூஷே ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து, பதினாறு வயதில் தொடங்கினார். நடுவில் சைக்கிள் பந்தயத்துக்குப் போய் 1996 அட்லாண்டாவில் இரண்டு வெண்கலம் வாங்கி, மறுபடி பனிக்கு வந்தார்.

திறந்தவெளிப் பனிதான் இவர்களை உருவாக்கியது என்று அளந்துவிட ஆசையாக இருக்கிறது. முழு உண்மை அது இல்லை. உச்சத்துக்குப் போக இவர்கள் கால்கரிக்குப் போக வேண்டியிருந்தது. 1988 ஒலிம்பிக்குக்காக அங்கே கட்டி 1987-இல் திறந்த ஓவல்தான் வட அமெரிக்காவில் கூரை போட்ட முதல் 400 மீட்டர் தடம். கூரைக்குக் கீழே ஒலிம்பிக் ஸ்பீட் ஸ்கேட்டிங் நடந்ததும் அதுவே முதல்முறை. கால்கரிக்கு அது தேவையாகவும் இருந்தது: ராக்கி மலையிலிருந்து இறங்கும் சினூக் என்ற வெப்பக் காற்று ஜனவரி நடுவில் வந்து சில மணி நேரத்தில் பனியை ஓடையாக்கிவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று அடர்த்தி குறைவு; காற்றில்லை, மண்ணில்லை, வெடிப்பில்லை. சாதனைகள் வரிசையாக விழுந்தன. லெ மே டோன் 500 மீட்டரை 37.22 வினாடியில் முடித்ததும், கிளாசன் 3000 மீட்டரை 3 நிமிடம் 53.34 வினாடியில் முடித்ததும் கால்கரியில்தான். கிளாசனின் அந்த நேரம் 2019 வரை உலக சாதனையாக நின்றது. 1992 ஆல்பர்வில்லுக்குப் பிறகு எந்த ஒலிம்பிக்கிலும் இந்தப் பந்தயம் வானத்துக்குக் கீழே நடக்கவில்லை.

கூரை போட்டதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஒலிம்பிக் பதக்கத்தைக் காற்று தீர்மானிக்கக்கூடாது என்பது நியாயம். ஆனால் கூரைக்குக் கீழே நான் பார்த்த ஓட்டங்களில் ஒன்றுகூட என் நினைவில் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் மற்ற நாளைப் போலவே இருந்தது. நெதர்லாந்துக்காரர்களைக் கேட்டால் இது புரியும். ஹீரன்வீனில் கூரை போட்ட அருமையான ஓவல் இருக்கிறது. ஆனாலும் நாடே காத்திருப்பது உறைந்த கால்வாய்களில் 200 கிலோமீட்டர் ஓடும் பதினோரு நகரப் பந்தயத்துக்கு. வழி நெடுகிலும் பனி 15 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் அது நடக்கும். கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4. அதற்குப் பிறகு அவர்களுக்கு அந்தக் குளிர் வரவில்லை.

நான் வந்து சேர்ந்த ரிச்மண்டிலும் ஓர் ஓவல் இருக்கிறது. விதி என்னைக் கேலி செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2010 ஒலிம்பிக்குக்காகக் கட்டியது. வண்டு அரித்துச் செத்த பைன் மரங்களை வீணாக்காமல் அலை அலையாக இழைத்த மேற்கூரை, பார்க்கப் பார்க்கத் தீராது. கிளாரா ஹியூஸ் தன் கடைசி ஒலிம்பிக் பதக்கத்தை, 5000 மீட்டர் வெண்கலத்தை, வாங்கியது அங்கேதான். போட்டி முடிந்ததும் 400 மீட்டர் பனியை எடுத்துவிட்டார்கள். இன்று அங்கே பூப்பந்து, கூடைப்பந்து, மேசைப்பந்து. இரண்டு ஹாக்கித் திடல்கள் மட்டும் மிச்சம். ஊருக்கு அதுதான் உபயோகம், மறுக்கவில்லை. நானே அங்கே போய் நடக்கிறேன். நடக்கும்போது நீள்வட்டத்தின் முதல் வளைவு எங்கே இருந்திருக்கும் என்று கால் தானாகத் தேடுகிறது.

என் மகள் இப்போது ஸ்கேட் போடுவதில்லை. முழங்கால் போதும் என்று சொல்லிவிட்டது, வேலையும் பிள்ளையும் மீதியைச் சொல்லிவிட்டன. அவளோடு சேர்ந்து ஓடிய சிலர் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போகிறார்கள். நவம்பரில் படம் அனுப்புவார்கள்: பழுப்புப் புல், ஓரத்தில் சுருட்டி வைத்த குழாய், காத்திருக்கும் ஆட்கள். முன்பெல்லாம் இந்தத் தேதியில் ஓடத் தொடங்கியிருப்போம் என்று கீழே எழுதியிருக்கும். குளிர்பதனக் குழாய் பதித்துவிடலாம் என்ற பேச்சு இப்படிப்பட்ட இடங்கள் எல்லாவற்றிலும் எழும். அதற்குப் பணம் வேண்டும், மின்சாரம் வேண்டும், கட்டணம் வேண்டும். கட்டணம் வந்தால் ஒரு சனிக்கிழமை தோழியோடு சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரும் பெண் வரமாட்டாள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: பருவம் ஆறு வாரமாகச் சுருங்கினாலும் இயற்கைப் பனியையே வைத்துக்கொள்ளட்டும்.

வின்னிபெக்கில் இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். வரும் விருந்தாளியை எல்லோரும் கூட்டிப்போவது ஆறுகள் கூடும் ஃபோர்க்ஸுக்கு. உறைந்த ஆற்றின்மேல் நடத்திக் காட்டுவார்கள். நல்ல இடம், போய்வாருங்கள். ஆனால் ஒரு நாளை மிச்சம் வைத்து சார்ஜென்ட் அவென்யூவுக்கும் போங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஸ்கேட் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஓரத்தில் யாராவது பனி தள்ளிக்கொண்டிருப்பார்கள், இன்னொரு மண்வெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், இருக்கும். தடத்தில் இறங்கினால் உள்லேன் பக்கம் நிற்காதீர்கள், அது வேகமாக வருகிறவர்களுக்கு. ஜனவரியில் போங்கள். மார்ச் பாதியில் போனால் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள்.